மூக்கு ஒழுகினா மூணு மாத்திரையா?

"மருந்து சாப்பிட்டா ஏழு நாள், சாப்பிடலேன்னா ஒரு வாரம்." ஜலதோஷத்தைப் பத்தி இதைவிட உருப்படியா யாரும் சொன்னதில்லை. கேட்கத்தான் ஆளில்லை.

மார்கழி பிறந்துட்டா நம்ம மல்லேஸ்வரத்து மருந்துக்கடைகளைப் பாருங்க. "நெகடி சார், மாத்ரெ கொடி"ன்னு அரைகுறைக் கன்னடத்துல கேட்கிற பொட்டிதட்டிகள் வரிசை கட்டி நிப்பாங்க (நம்மாளுங்கதான், வேற யாரு?). ஒரு அட்டை கலவை மாத்திரை, கூடவே மூணு அஸித்ரோமைசின். டாக்டர் சீட்டா? அட போங்க சார்! ராத்திரி ரிலீஸ், காலையில க்ளையன்ட் மீட்டிங், மூக்கு உடனே நிக்கணும்.

அய்யா, ஜலதோஷம் வைரஸால வர்றது. ஆன்டிபயாடிக் கொல்றது பாக்டீரியாவை. மூணு நாள் முழுங்கிட்டு 'சரியாப் போச்சு'ங்கறீங்களே, அது தானா சரியாகிற நாள் வந்துடுச்சு, அவ்வளவுதான். நடுவுல உடம்புல இருக்கிற பாக்டீரியா அந்த மருந்தை எதிர்க்கப் பழகிக்கும். நாளைக்கு நிஜமாவே தேவைப்படும்போது மருந்து கைவிரிச்சிடும்.

சரி, அந்தக் கலவை மாத்திரை? மூக்கடைப்புக்குன்னு அதுல பெரும்பாலும் இருக்கிறது ஃபீனைலெஃப்ரின். வாய் வழியா போனா குடலும் கல்லீரலும் பெரும்பகுதியைச் சிதைச்சுடும். 2023 செப்டம்பர்ல அமெரிக்க எஃப்.டி.ஏ.வோட ஆலோசனைக் குழு, இது மூக்கடைப்புக்குப் பயன்படாதுன்னு ஒருமனதா சொல்லிடுச்சு. இங்கே இன்னும் ஜோரா விக்குது.

பெரியவங்களுக்குக் காசு தண்டம்னு விட்டுடலாம். குழந்தைங்களுக்கு? இதோட குளோர்ஃபெனிரமின் சேர்ந்த கலவையை 4 வயசுக்குக் கீழே தரக்கூடாதுன்னு லேபிள்ல அச்சடிக்கச் சொல்லி, 2023 டிசம்பர்லயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவு போட்டது. அப்புறமும் 2025-ல, மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பக்கம், சாதாரண சளி காய்ச்சலுக்கு அதே கலவை உள்ள 'கோல்ட்ரிஃப்' சிரப் குடிச்ச இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சுகள் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போச்சு. காய்ச்சினது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துக் கம்பெனி. தமிழ்நாட்டு ஆய்வகம் சோதிச்சதுல டைஎத்திலீன் கிளைகால்ங்கிற விஷம் 48.6 சதவீதம். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1.

விஷம் கலந்தது கம்பெனி, கண்காணிக்காதது அரசாங்கம். அதுல சந்தேகமே இல்லை. டாக்டரை நம்பின அந்தப் பெத்தவங்க மேல தப்பும் இல்லை. ஆனா தானே போற சளிக்கு ஒரு சிரப் எதுக்குங்க? 'ஒண்ணும் வேண்டாம், ரெஸ்ட் எடுங்க'ன்னு ஒரு டாக்டர் சொன்னா, 'இவரு கைராசி இல்லாதவரு'ன்னு அடுத்த கிளினிக்குக்கு ஓடுற நாமதானே இந்தச் சந்தையை வளர்த்து விட்டிருக்கோம்?

2025 அக்டோபர்ல மத்திய சுகாதார இயக்ககமே சொல்லிடுச்சு: 2 வயசுக்குள்ள இருமல், சளி மருந்தே கூடாது, 5 வயசுக்குள்ள பொதுவா பரிந்துரை இல்லை.

வேற என்ன பண்றது? மூக்குக்கு உப்புத்தண்ணி சொட்டு. காய்ச்சல், உடம்பு வலிக்கு அளவோட பாராசிட்டமால். இருமலுக்கு ஒரு வயசு தாண்டியிருந்தா தேன். சூடா மிளகு ரசம். எல்லாத்துக்கும் மேல தூக்கம். ஆபீசுக்கு ரெண்டு நாள் லீவு சொல்லுங்க சாமி. பக்கத்து சீட்டுக்காரனும் பிழைச்சுப்பான்.

பி.கு.: மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் மூணு நாளைத் தாண்டினாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ நேரா டாக்டர்கிட்ட போங்க. மருந்துக்கடைக்கு இல்லை.