தொலைவு முட்டையும் வீட்டு அடைக்கோழியும்

விதை நெல் வாங்கும் உழவர் அதன் முளைப்புத் திறனைக் கேட்டறிந்த பின்னரே பணம் கொடுக்கிறார். அடைமுட்டையை வெளியூரிலிருந்து தருவிக்கும் நம் அங்கத்தினரோ, பேருந்தில் பெட்டி வந்து இறங்கியதும் அதனைக் கோழியின்கீழ் வைத்துவிட்டு, 21 நாள் கழித்துக் கூடையைப் பார்த்து வருந்துகின்றனர். பின்னர் எழுவது வழக்கு. 'முட்டை பழுது' என்கிறார் வாங்கியவர். 'கோழி சரியாக அமரவில்லை' என்கிறார் விற்றவர். இவ்வழக்கைத் தீர்க்க வழியுண்டு. அதனைச் சங்கங்களே முன்னின்று செய்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

தொலைவு முட்டையை நாடுவது தவறன்று. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா மாவட்டத்துக் கடக்நாத் கருங்கோழி இறைச்சி 2018-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அத்தகைய இனத்தை வளர்க்க விரும்புவோர் முட்டையாகத் தருவிப்பதே செலவு குறைந்த வழி. ஆயினும் கடக்நாத் பெட்டை அடைகாப்பதில் நாட்டமில்லாதது. முட்டைக்கென்றே பெருக்கப்பட்ட லெகார்ன் இனமும் அத்தகையதே. எனவே புதிய இனத்தையும் நம் நாட்டுக்கோழியின் சிறகே வளர்த்துத் தரல் வேண்டும். பத்துப் பன்னிரண்டு முட்டைகளுக்கு மின்சாரம் கேளாத பொரிப்பான் அதுவே.

வழியில் முட்டைக்கு நேரும் தீங்கு இரண்டு. முட்டையின் அகன்ற முனையில் ஒரு காற்றறை உள்ளது. குஞ்சு ஓட்டைக் கொத்துமுன் முதல் மூச்சை அங்கேதான் வாங்கும். வண்டியின் குலுக்கலில் அவ்வறையின் சவ்வு நெகிழ்ந்து இடம் பெயர்கிறது. மற்றொன்று வெப்பம். 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரையுள்ள எல்லையைக் கடந்தால் கரு மெல்ல வளரத் தொடங்கும். முழு வளர்ச்சிக்கு வேண்டிய ஏறத்தாழ 37½ டிகிரி கிடையாமையால் நலிந்து மடியும். நம் கோடைக்காலப் பேருந்தின் மேற்கூரையில் ஒரு பகல் கிடந்த முட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆகையால், வந்த முட்டையை உடனே அடை வைத்தலாகாது. கீறல் விழுந்தவற்றை நீக்கி, கழுவாமல், கூரிய முனை கீழாக ஒரு நாள் முழுவதும் அசையாது வைத்திருத்தல் வேண்டும். ஈர மணல்மேல் வைத்த பானையில் உமி பரப்பினால் வேண்டிய குளிர்ச்சி கிடைக்கும். அதற்குள் கோழியையும் சோதித்துக்கொள்ளலாம். கூமுட்டைகளின்மேல் இரண்டு மூன்று நாள் எழாமல் அமர்ந்து, அணுகினால் இறகு சிலிர்த்துக் குரல் கொடுப்பதே நம்பத்தக்க அடைக்கோழி. இரவில், எல்லா முட்டைகளையும் ஒரே வேளையில் அதன்கீழ் வைத்தல் நன்று. நெசவாளர் இல்லங்களில் அடைக்கூடை தறிக்கு அருகில் இருத்தல் கூடாது. இருளும் அமைதியுமான மூலையே ஏற்றது.

இனி வழக்குக்கு வருவோம். 7-ஆம் நாள் இரவில் டார்ச் விளக்கின்மேல் முட்டையைப் பிடித்துப் பார்த்தால் உண்மை புலனாகும். சிலந்தி வலைபோல் நரம்போடியிருந்தால் கரு வளர்கிறது. ஒன்றுமில்லாது தெளிந்திருந்தால் அது பெரும்பாலும் சேவல் சேராத முட்டை. குருதி வளையம் மட்டும் தோன்றினால் கரு உயிர்கொண்டு பின் மடிந்தது. முதல் வகைக்கு விற்றவரே மாற்று முட்டை தருதல் முறை. இரண்டாவதற்கு ஒருவரை மட்டும் குற்றஞ்சாட்டுதல் நேர்மையன்று. வழியும் வெயிலும் அதில் பங்கு கொண்டவை. அவ்விழப்பை விற்பவர், வாங்குபவர், சங்கம் ஆகிய மூவரும் பகிர்ந்துகொள்ளல் வேண்டும்.

இதற்குச் சங்கம் செய்ய வேண்டுவன சிலவே. தனித்தனியே தருவிக்காமல் ஒன்றாகத் தருவித்து, ஓர் அங்கத்தினரையே அனுப்பி மடியில் வைத்துக் கொண்டுவரச் செய்யலாம். ஒவ்வொரு முட்டையிலும் இட்ட நாளைப் பென்சிலால் குறிக்கச் சொல்லலாம். ஏழு நாளுக்கு மேற்பட்டதை ஏற்க வேண்டுவதில்லை. அதே நாட்களில் இட்ட சில முட்டைகளை விற்பவர் தம் வீட்டிலேயே அடை வைக்கட்டும். அங்குப் பொரித்து இங்குப் பொரியாவிடில், முட்டையின்மேல் குற்றமில்லை என்பது விளங்கும்.

இறுதியாக ஒன்று. கூடுதல் முட்டைக்கு ஆசைப்பட்டு, அடைக்கு அமரும் கோழியைத் தண்ணீரில் முக்கியும் மூக்கில் இறகு செருகியும் அடை தெளிவிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. எல்லாக் கோழிகளையும் அவ்வாறு செய்யாது, ஒன்றிரண்டையேனும் விட்டுவைத்தல் நம் கடமை. நல்ல முட்டையை எவ்வூரிலிருந்தும் விலைக்கு வாங்கிவிடலாம். அடைகாக்கும் கோழி நம் வீட்டிலேயே இருந்தாக வேண்டும்.