இடுப்பில் துளை போடுவதற்கு முன்னால்...

பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிக்கும் பெண்களைப் பார்த்திருக்கீங்களா? ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணிக்குள் அமிழ்ந்து, சேற்றைத் துழாவிக்கொண்டே நகர்வார்கள். காட்டூர் பக்கம் கரைக்கு வந்தாலும் மீன் பிரிப்பது, விற்பது எல்லாம் குந்திதான். இடுப்பு மூட்டு மடங்கலைன்னா பிழைப்பு போச்சு.

ஆனால் 'ஹிப் இம்பிஞ்ஜ்மென்ட்' பற்றி எங்கே படித்தாலும் விளையாட்டு வீரர்கள்தான் வருகிறார்கள். டென்னிஸ் ஆண்டி மர்ரேயே (2018ல் இடுப்பில் ஆர்த்ரோஸ்கோப்பி செய்தும் வலி தீராமல், 2019ல் உலோக மூட்டு வைத்துக்கொண்டார்) எத்தனை முறை வருகிறார்!

விஷயம் இதுதான். தொடை எலும்பின் தலை ஒரு பந்து, அது உட்காருமிடம் கிண்ணம். பந்தின் கழுத்தருகே எலும்பு புடைத்திருந்தால் 'கேம்', கிண்ண விளிம்பு நீண்டிருந்தால் 'பின்சர்'. காலை மடக்கினால் ரெண்டும் முட்டி, விளிம்பிலுள்ள 'லேப்ரம்' நசுங்கும். தொடை இடுக்கில் வலிக்கும். இது பின்னாளில் மூட்டுத் தேய்மானத்துக்கு வழி வகுக்கும் என்று பெர்ன் நகர டாக்டர் ரெய்ன்ஹோல்ட் கான்ஸ் குழு 2003ல் எழுதியது. அவர் மூட்டைத் திறந்து பந்தையே வெளியே எடுத்துச் சரிசெய்தவர். இப்போது பெரும்பாலும் ரெண்டு மூன்று துளைகள்தான். காலை இழுத்து மூட்டில் சுமார் 1 செ.மீ. இடைவெளி உண்டாக்கி, 70 டிகிரி சாய்வாகப் பார்க்கும் கேமராவை நுழைத்து, கிழிந்த லேப்ரத்தைத் தைக்கிறார்கள். பிறகு இழுவையைத் தளர்த்திவிட்டு புடைப்பைச் சீவுகிறார்கள். குறைவாகச் சீவினால் வலி திரும்பும், அதிகமானால் எலும்புக் கழுத்து முறியலாம். இழுவை நீண்டால் நரம்பு மரத்துப்போகும். பழகிய கை வேணும் சாமி!

சரி, பலன்? பிரிட்டனில் 348 பேரிடம் நடத்திய சோதனை 2018ல் லான்செட் இதழில் வந்தது. ஒரு வருடம் கழித்து 100க்கு, ஆபரேஷன் செய்தவர்கள் 58.8, முறையான பிசியோதெரபி எடுத்தவர்கள் 49.7. ஆரம்ப வித்தியாசத்தைக் கழித்தால் இடைவெளி 6.8. ஆபரேஷன் ஜெயித்தது, மறுக்கலை. ஆனால் பிசியோ பக்கமும் தேறியிருக்கிறார்கள். செலவோ ஆபரேஷனுக்குத்தான் அதிகம்.

என் கட்சி என்னன்னா, தினக்கூலிப் பெண்ணுக்கு ஊன்றுகோலோடு போகும் வாரங்கள் எல்லாம் பட்டினி வாரங்கள். முதலில் பிசியோ கொடுங்கள். நம்மூரில் பல இடங்களில் நடக்கிற மாதிரி பத்து நாள் 'கரண்ட் வைப்பது' இல்லை. அந்தச் சோதனையில் 12 முதல் 24 வாரத்தில் 6 முதல் 10 முறை ஆளைப் பார்த்து, உடற்பயிற்சியை அவரவருக்கு ஏற்ப மாற்றினார்கள். 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வருகிறார். வருகிறவர் பக்கவாதத்தோடு இடுப்பையும் கவனித்தால் என்ன? அதிலும் தேறாதவர்களுக்கு, தேய்மானம் முற்றாமலிருந்தால், துளை போடலாம். படத்தில் புடைப்பு தெரியுதுன்னு மட்டும் போடக்கூடாது, வலியே இல்லாத பலருக்கும் அது இருக்கு. காசநோய், எலும்புக்கு ரத்த ஓட்டம் நின்றுபோவது போன்றவை இல்லையென்றும் முதலில் பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்று. "குந்தாதீங்கம்மா"ன்னு சொல்லி அனுப்பறது வைத்தியம் இல்லீங்க. ஏலக் கூடத்தில் இடுப்பு உயரத்துக்கு நாலு சிமென்ட் மேடை கட்டினால் மீன் பிரிக்கிற வேலையாவது நின்றபடி நடக்கும். தண்ணிக்குள் என்ன செய்வது என்பதற்குத்தான் எந்த டாக்டரிடமும் பதில் இல்லை.