சராசரிக்குள் சேரி இல்லை

போன ஐப்பசியில் அண்ணனுக்கு டெங்கு. ஒரகடத்தில் காண்ட்ராக்ட் வேலை அவனுக்கு. ஷிப்ட் முடிந்து வல்லக்கோட்டை வந்து சேர்வதற்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு கொடுக்கும் நேரம் தாண்டிவிடும். லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. மூன்று நாள் மெடிக்கல் ஷாப் மாத்திரையில் ஓட்டினான். நாலாம் நாள் மயங்கி விழுந்தவனைத் தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஐந்து நாளைக்குப் பதினெட்டாயிரம். அவன் மாதச் சம்பளமே பதினாலாயிரம்தான். அம்மாவின் கம்மல் அடகுக்கடைக்குப் போனது.

“மாசாமாசம் சம்பளத்துல புடிக்கிறான்னியே, அந்த இ.எஸ்.ஐ. கார்டு இன்னாத்துக்குடா?” என்றாள் அம்மா. விசாரித்தோம். பிடித்தது உண்மை. காண்ட்ராக்டர் கட்டவில்லை. முதலமைச்சர் காப்பீட்டுக்குப் போகலாமென்றால், 72,000லிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்திய ஆண்டு வருமான வரம்பையும் அண்ணன் தாண்டிவிட்டான். அரசாங்கக் கணக்கில் அவன் ஏழையில்லை.

இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது தோழர் ஒருவர் புள்ளிவிவரத்தை நீட்டினார். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் சனங்கள் கைக்காசாகக் கொடுப்பது 2013-14இல் 64.2 சதவீதம்; 2021-22இல் 39.4ஆகக் குறைந்துவிட்டதாம். உத்தரப்பிரதேசத்தைப் பாருங்கள், தமிழ்நாடு எவ்வளவோ மேல் என்றார்.

மறுக்கவில்லை. 1995 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவதால்தான் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. அது சனங்களின் சொத்து. ஆனால் சதவீதம் எதைச் சொல்கிறது? உத்தரப்பிரதேசத்திலும் கைக்காசு பாதிக்கு மேல், கேரளத்திலும் பாதிக்கு மேல். அங்கே அரசு ஆஸ்பத்திரி போதாமல் தனியாரிடம் போகிறார்கள். இங்கே முதியவர்கள் அதிகம், நீண்டநாள் நோய் அதிகம், வைத்தியம் பார்ப்பதும் அதிகம். இரண்டு வாழ்க்கையை ஒரே சதவீதத்தில் அடைக்க முடியுமா?

எங்கள் பக்கத்து லைன் வீட்டில் பீகார்க்காரத் தம்பி ஒருவன் இருக்கிறான். வயிற்றுவலிக்கு முப்பது ரூபாய் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறான். வைத்தியமே பார்க்காதவன் கணக்கில் சிக்கனக்காரன்! இழந்த கூலி கணக்கில் இல்லை. கம்மலுக்குக் கட்டும் வட்டியும் இல்லை. அதே பதினெட்டாயிரம் ஊர்த்தெருவிலும் செலவாகும். அங்கே விற்க நிலம் இருக்கும். நிலமற்ற சேரிக்குக் கந்துவட்டிதான். மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம் பார்க்கிற அறிஞர்கள், ஊருக்கும் சேரிக்கும் நடுவில் கிடக்கிற வித்தியாசத்தை என்றைக்கு அளப்பார்கள்?

கொடுக்கக் காசில்லை என்பதற்காக ஒருவருக்கும் மருத்துவம் கிடைக்காமல் போகக்கூடாது என்று 1946இலேயே போர் குழு சொன்னது. அண்ணல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த காலத்தில்தான், 1944இல், அடார்கர் தன் காப்பீட்டு அறிக்கையைக் கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததே 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டம். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கான பங்கையும் முதலில் கட்டவேண்டியவர் முதன்மை முதலாளி என்று அதன் 40ஆம் பிரிவு சொன்னது. 2019 ஜூலை முதல் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. ‘காண்ட்ராக்டரைக் கேளு’ என்று கம்பெனி கைகழுவ முடியாது.

ஆகவே கேட்போம். தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்காக ராத்திரியும் சீட்டுக் கொடுக்கட்டும். ஒவ்வொரு சம்பளச் சீட்டிலும் பிடித்த காசு கட்டப்பட்டதா என்று சங்கங்கள் மாதாமாதம் பார்க்கட்டும். படிக்கிற பிள்ளைகளே, எழுதுகிற தோழர்களே, சதவீதத்தோடு வராதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சேரிக்கு வாருங்கள். வீடு வீடாகப் போய் ஆஸ்பத்திரிப் பில்லையும் அடகுச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுவோம். முதல் சீட்டு எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கம்மல் இன்னும் மீளவில்லை.