குரல் போகும் வழி

திருப்பூரில் ஒருத்தருக்குக் குரல் கம்மினால் காரணம் ரெடியாக இருக்கும். "பஞ்சுத் தூசிங்ணா!" "நிட்டிங் மிஷின் சத்தத்துல கத்திக் கத்தியே போச்சுங்ணா!" அப்புறம் மிளகு, பனங்கற்கண்டு, நாலு நாள் மௌன விரதம். (சூப்பர்வைசர் மௌன விரதம் இருந்தால் பனியன் கம்பெனியில் பாதிப் பேருக்கு நிம்மதி.) பெரும்பாலும் சரியாகிவிடும். மூன்று வாரம் தாண்டியும் ஆகவில்லையா, ஆளை ஈ.என்.டி. டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போங்கள். அபூர்வமாகச் சிலருக்குக் கோளாறு தொண்டையில் இல்லை, இதயத்தில்!

இடது குரல்நாணை ஆட்டுவிக்கிற நரம்பு நேராகத் தொண்டைக்குப் போவதில்லை. மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறது. புஷ்பா தியேட்டரில் ஏறியவர் பல்லடம் சுற்றிப் பழைய பஸ் ஸ்டாண்டு வருகிற கதை. சின்ன வயசில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியிருந்தால், இடது மேலறையில் ரத்தம் தேங்கி அறை வீங்கும். அது நுரையீரலுக்குப் போகும் குழாயைத் தள்ள, இரண்டு குழாய்களுக்கு நடுவே நரம்பு மாட்டிக்கொண்டு நசுங்கும். குரல்நாண் படுத்துவிடும். 1897-ல் வியன்னாவில் ஆர்ட்னர் என்ற டாக்டர் சொன்ன சங்கதி இது.

தேங்கின ரத்தம் உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால்தான் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் தருகிறார்கள். இதன் ஜாதகம் விசேஷம். 1920-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் கெட்டுப்போன தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் குழுவினர் காரணத்தைப் பிடித்தார்கள். அதன் வழியே வந்த வார்ஃபரின், 1948-ல் எலி மருந்தாகக் கடைக்குப் போனது! 1954-ல் மனிதர்களுக்கு அனுமதி. மறு வருஷமே, மாரடைப்பு வந்த ஜனாதிபதி ஐசனோவருக்கும் அதே மாத்திரைதான்.

வால்வையே மாற்ற வேண்டி வந்தால் நம்ம பக்கத்துச் சரக்கே இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா உருவாக்கிய சித்ரா வால்வு, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. ஆனால் இந்த மாதிரி உலோக வால்வு வைத்தவர் ஆயுசு பூராவும் மாத்திரை சாப்பிட வேண்டும். அளவு குறைந்தால் உறையும், கூடினால் கசியும். ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையை விடாமல் செய்துகொள்ள வேண்டும். கீரையை விடச் சொல்வதில்லை. ஒரு வாரம் முருங்கைக்கீரையாகத் தின்று மறுவாரம் பட்டினி போடக்கூடாது, அவ்வளவுதான்.

கீரையைவிடப் பெரிய வில்லன் வேறு. நைட் ஷிஃப்ட் முடிந்து, "உடம்பு வலிக்குதுங்ணா" என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு, டீயோடு போட்டுக்கொள்கிறோமே, அந்த வலி மாத்திரை. வார்ஃபரினோடு அது சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசிய ஆரம்பிக்கும். கடைக்காரர் கேட்கமாட்டார். நீங்கள்தான் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும்.