குக்கிராமத்து நிலத்துக்கு எந்த ஊர் பெயர்?

“அம்மையார்குப்பம் அருகே ஒரு குக்கிராமத்தில் வசிக்கிறோம். நெல், வேர்க்கடலை போடுகிறோம். பயிர்க் காப்பீட்டுப் படிவத்தில் எங்கள் குக்கிராமத்தின் பெயரை எழுதலாமா?”

– ஒரு வாசகர், ஆர்.கே.பேட்டை ஒன்றியம்.

எழுதக் கூடாது. சிட்டாவில் இருக்கும் வருவாய் கிராமத்தின் பெயரைத்தான் எழுத வேண்டும். கண்டிகை, மோட்டூர், காலனி என்று அழைக்கப்படும் பல குடியிருப்புகள் ஒரே வருவாய் கிராமத்துக்குள் அடங்கிவிடும். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி பகுதி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து வந்தபோதும், படாஸ்கர் பரிந்துரைப்படி கிராமத்தை அலகாக வைத்தே எல்லை வகுத்தார்கள்.

மகசூல் இழப்பும் அறிவிக்கப்பட்ட வருவாய் கிராமம் அல்லது பிர்கா அளவில்தான் கணக்கிடப்படுகிறது. கிராமம் மாறிப் பதிவானால், பயிர் காய்ந்தும் இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

வீடு ஓர் ஊரிலும் நிலம் வேறு ஊரிலும் இருந்தால், நிலம் உள்ள கிராமமே கணக்கு. இரண்டு கிராமங்களில் நிலம் இருந்தால், ஒவ்வொன்றையும் அதனதன் கிராமத்தின் பெயரில் பதிய வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கியதும், கிராமம், புல எண், உட்பிரிவு, பயிர், பரப்பு ஆகியவற்றைச் சிட்டாவோடும் வயலோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிரீமியம் கட்டியதும் ரசீதில் அதே விவரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிழை இருந்தால் கடைசி தேதிக்குள் திருத்தச் சொல்லுங்கள். அந்த ரசீதை அறுவடை முடிந்த பிறகும் பத்திரமாக வைத்திருங்கள்.