கரிசலுக்கு வேண்டியது புல்

நிலத்தை அதன் போக்கில் விட்டால் இயற்கை தானே திரும்பும் என்ற நம்பிக்கை உலகெங்கும் வலுத்துவருகிறது. இங்கிலாந்தின் நெப் பண்ணையை உதாரணம் காட்டுவார்கள். மழையில் சேறாகி, கோடையில் வெடிக்கிற கனத்த களிமண் அது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே சாகுபடியை நிறுத்தினார்கள். புதர்களும் அரிய பறவைகளும் வந்து சேர்ந்தன. தூத்துக்குடி மாவட்டக் கரிசல் பூமியான கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்தில் அதே சோதனை யாரும் திட்டமிடாமலே நடந்துகொண்டிருக்கிறது. பிழைப்புக்காக ஊரைவிட்டு ஆட்கள் போகப் போக, மானாவாரிப் புஞ்சைகள் தரிசாகின்றன. அப்படி விட்ட நிலத்தில் முதலில் மண்டுவது அயல் மரமான சீமைக் கருவேலம்தான். நெப் பண்ணையிலும் மனிதர் ஒதுங்கி நின்றுவிடவில்லை. மாடு, குதிரை, பன்றிகளை மேயவிட்டுத்தான் நிலத்தை மீட்டார்கள். கரிசலை மீட்கவும் ஆடும் அதை மேய்க்கும் கீதாரியும் உள்ளே இருந்தாக வேண்டும்.

ஏனென்றால் இது அடர்காட்டுக்கான பூமி அல்ல. ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். அங்கங்கே வெள்வேல், வன்னி, உடை, பனை. இடையில் பரந்த புல்வெளி. இதுதான் இம்மண்ணின் இயல்பு. வானம்பாடியும் கவுதாரியும் திறந்த வெளியில் தரையில் கூடுகட்டும் பறவைகள். மத்திய ஆசியாவிலிருந்து குளிர்காலத்தில் வரும் பூனைப்பருந்துகள் புல்லில்தான் வெட்டுக்கிளி பிடிக்கும், புல்லில்தான் இரவு தங்கும். வெளிமானின் நிலையைப் பாருங்கள். சமவெளியில் ஓடப் பிறந்த விலங்குக்கு இம்மாவட்டத்தில் நாம் ஒதுக்கிய புகலிடம், வல்லநாட்டில் சுமார் 16 சதுர கிலோமீட்டர் குன்றுப்பகுதி. சமவெளியை வருவாய்ப் பதிவேடு தரிசு, புறம்போக்கு என்று எழுதிவைத்திருக்கிறது. அப்படி எழுதிய நிலத்தில் காற்றாலை, சூரியமின் தகடு, மரக்கன்று என எதையும் நிறுத்தலாம் என்று ஆகிவிட்டது. புல்வெளியில் நெருக்கமாக மரம் நடுவது பசுமைப் பணியே அல்ல, இன்னொரு வகை ஆக்கிரமிப்பு.

சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதே ஆண்டு அதற்கு இடைக்காலத் தடையும் வந்தது. அயல் தாவரங்களை அகற்றி நிலத்தை மீட்பதற்கான கொள்கையைத் தமிழக அரசு 2022-ல் வெளியிட்டது. அகற்றுவது சரி, அதன் பிறகு என்ன என்பதில்தான் தவறுகிறோம். ஜேசிபி மண்ணைப் புரட்டிவிட்டுப் போனதும், புதைந்துகிடக்கும் விதையும் மிஞ்சிய தூரும் அடுத்த மழையில் துளிர்க்கின்றன. அந்த மழைக்கு முன்பே கொழுக்கட்டைப் புல்லை விதைத்து, நிலம் மூடும்வரை மேய்ச்சலை நிறுத்தி, முளைக்கும் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். வட்டம் வட்டமாக இதைச் செய்யலாம். இம்மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்போரின் வருமானம் ஒரே நாளில் அறுந்துபோகாமலிருக்கவும் அதுவே வழி. வெட்டும் வேலையை அவர்களுக்கே கொடுக்கலாம்.

ஏற்கெனவே காட்டுப்பன்றி மக்காச்சோளத்தை அழிக்கிறது, இதில் காட்டையும் வளர்ப்பதா என்று சம்சாரி கேட்பார். நியாயமான கோபம் அது. ஆனால் பன்றி பகலில் பதுங்குவது முள்புதரில். திறந்த புல்வெளியில் அதற்கு அவ்வளவு மறைப்பு இல்லை. பயிர் இழப்பீடு தாமதமில்லாமல் கைக்கு வர வேண்டும் என்பதில் மறுபேச்சே கிடையாது. ஆடுதான் சீமைக் கருவேலக் காயைத் தின்று விதையைப் பரப்புகிறது என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். காய்க்கும் மரம் குறையும்போது அந்தப் பரவலும் குறையும். ஆட்டை விலக்கினாலோ, இழப்பு நிலத்துக்கு. அறுவடை முடிந்த புஞ்சையில் கிடை போட்டு மண்ணுக்கு உரமேற்றிய உறவு இது. இடைசெவல் தந்த கி. ராஜநாராயணன் தன் குறுநாவலுக்கே 'கிடை' என்று பெயரிட்டார். வேம்பூர் ஆடு, கீழக்கரிசல் ஆடு போன்ற இனங்கள் மேய்ச்சல் நிலத்தோடு சேர்ந்தே அருகிவருகின்றன.

ஐக்கிய நாடுகள் சபை 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல்காரர்களுக்குமான ஆண்டாக அறிவித்திருக்கிறது. ஒன்றியத்துக்கு ஒரு மேய்ச்சல் புறம்போக்கையாவது அளந்து, எல்லைக்கல் நட்டு, பராமரிக்கும் பொறுப்பை ஊராட்சியிடமும் கீதாரிகளிடமும் மாவட்ட நிர்வாகம் ஒப்படைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் அதைச் செய்யட்டும்.