ஓய்வு பெற்ற வண்டியை வீட்டுக்குக் கொண்டு வருமுன்

வளைகுடாவில் பல்லாண்டு உழைத்துவிட்டு ஊர் திரும்பும் சபுராளிகள் பலருக்கு முதலில் தோன்றும் எண்ணங்களுள் ஒன்று, சிறியதொரு சரக்கு வண்டி வாங்குவது. தோப்பிலிருந்து தேங்காய் ஏற்ற வேண்டும். கடைக்கு மூட்டை இறக்க வேண்டும். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குச் செங்கல்லும் சிமெண்டும் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் வாடகை கொடுத்துச் சலித்தவர், "நமக்கென்று ஒரு வண்டி இருந்தால் என்ன?" என்று நினைப்பது இயல்பே.

புதிய வண்டி என்றால் பெரும்பாலோர்க்குக் கடன் வேண்டும். கடன் என்றால் வட்டி வரும். அதனைத் தவிர்க்க விரும்புவோரின் பார்வை, நிறுவனங்கள் ஓட்டிக் கழித்த வண்டிகளின் பக்கம் திரும்புகிறது. கூரியர், பால், எரிவாயு உருளை, மளிகை மொத்த வியாபாரம் என்று பலதுறை நிறுவனங்களும் சில ஆண்டுகள் ஓட்டிய டாட்டா ஏஸ், பொலிரோ பிக்கப், டாட்டா 407 போன்ற வண்டிகளை ஏலத்திலோ தரகர் மூலமோ விற்றுவிடுகின்றன. கையிருப்புப் பணத்தில் அடங்கும் விலை. பார்வைக்கும் குறையில்லாத வண்டி. வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். ஆனால் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். வண்டிக்குக் கொடுக்கும் விலை பாதி விலைதான். மறுபாதியைப் பட்டறையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் பின்னர் கேட்டு வாங்கிக்கொள்ளும். கையில் மூன்று இலட்சம் இருப்பவர் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டியைப் பார்க்கவே போகக் கூடாது. இருப்பது அத்தனையையும் விலையாகக் கொடுத்துவிட்டு, பழுது பார்க்க மனைவியின் கழுத்துச் சங்கிலியை விற்க நேர்ந்தால், அந்த வண்டி வீட்டுக்கு வந்த வரவன்று, செலவு.

நிறுவனம் ஏன் விற்கிறது?

பெரிய நிறுவனங்கள் வண்டி பழுதாகி நின்றுவிடும்வரை காத்திருப்பதில்லை. பழுதுச் செலவு ஏறத் தொடங்கும் காலத்தைக் கணக்கிட்டு, அதற்குச் சற்று முன்பே விற்கின்றன. ஆகவே ஓய்வு பெற்ற வண்டி என்பது பெரும்பாலும் ஓடக்கூடிய வண்டியே. குறித்த காலத்தில் ஆயில் மாற்றியிருப்பார்கள். அதற்குப் பதிவேடும் வைத்திருப்பார்கள். தனியாரிடம் வாங்கும் வண்டியில் கிடைக்காத பெரும் வசதி இது. அந்தப் பராமரிப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சொந்தக்காரர் ஓட்டிய வண்டி ஒரு கை பட்டது. நிறுவன வண்டி பல கைகள் பட்டது. மேலும், அவர்கள் தள்ளிவைத்த பழுதுகள் எல்லாம் வாங்குபவர் தலையில்தான் விடியும்.

வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட, எந்தத் தொழில் செய்தது என்பதே முக்கியம். கூரியர் வண்டி பாரம் அதிகம் சுமப்பதில்லை. ஆயினும் தெருத்தெருவாக நின்று நின்று ஓடியதால் கிளட்சும் பிரேக்கும் தேய்ந்திருக்கும். அவை மாற்றக்கூடியவை, அஞ்ச வேண்டியதில்லை. மணலும் ஜல்லியும் சுமந்த வண்டி அளவுக்கு மீறிய பாரத்தால் ஸ்பிரிங் பட்டைகளும் பின் அச்சும் களைத்துப்போயிருக்கும். கடற்கரை ஊர்களில் மீனும் பனிக்கட்டியும் ஏற்றிய வண்டியை விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுவதே நலம். உப்புநீர் சொட்டிச் சொட்டிச் சேஸிஸை அரித்திருக்கும். என்ஜினை மாற்றலாம், துருவேறிய சேஸிஸை மாற்றுவது புதிய வண்டி வாங்குவதற்கு ஒப்பானது.

பார்க்கும் முறை

நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் போகாது. காலை வேளையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போக வேண்டும். நீங்கள் போகுமுன்பே என்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால், குளிரில் கிளம்பாத குறையை மறைக்கிறார்கள் என்று ஐயுறலாம்.

கிளப்பியதும் புகையைக் கவனியுங்கள். நீலப்புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் டீசல் முழுதும் எரியவில்லை. காற்று வடிகட்டியோ இன்ஜெக்டரோ பழுது. சூடான பின்னும் வெண்புகை நிற்கவில்லையென்றால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் ஆவி குபுகுபுவென்று வெளியே தள்ளுகிறதா? ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன. என்ஜின் வேலை காத்திருக்கிறது என்று பொருள்.

பிறகு வண்டியின் அடியில் குனிந்து பாருங்கள். புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்த சேஸிஸ் அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பெயிண்டுக்கு அடியில் வெல்டிங் ஒட்டு இருக்கலாம். சேஸிஸில் பொறித்த எண்ணும் என்ஜின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் வயதான டயர் பாரத்தில் வெடிக்கும்.

ஏலத்தில் வாங்குவோர் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். விற்பவர் மறைத்த குறை பின்னர் வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையை ஃபிக்ஹு நூல்கள் வாங்குபவருக்கு அளிக்கின்றன. ஏல நிபந்தனையோ, "உள்ளது உள்ளபடி, இருக்குமிடத்தில்" என்றே பேசும். பணம் கட்டியபின் முறையிட்டுப் பயனில்லை. பார்க்க வேண்டியதையெல்லாம் கை தூக்குமுன் பார்த்துவிட வேண்டும்.

காகிதங்கள்

முன்பெல்லாம் அரசு அலுவலகங்கள் கழித்த ஜீப்புகளையும் வேன்களையும் ஏலத்தில் எடுத்துப் புதுப்பித்து ஓட்டியவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அந்த வழி இப்போது பெரிதும் அடைபட்டுவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு முடிவுற்று, அவை உடைப்பு நிலையங்களுக்கே போக வேண்டும். அத்தகைய வண்டியை ஒருவர் மலிவாகத் தருகிறேன் என்றால், சாலையில் ஓட்ட முடியாத இரும்பைத் தருகிறார் என்று அறிக.

தனியார் நிறுவன வண்டிக்கு முதலில் தகுதிச் சான்று, அதாவது எப்.சி., எதுவரை இருக்கிறது என்று பாருங்கள். சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கொரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் எப்.சி. எடுக்க வேண்டும். அடுத்து, வண்டியின் மேல் வங்கிக் கடன் பதிவாகியிருந்தால் படிவம் 35 மூலம் அது நீக்கப்பட வேண்டும். சாலை வரியும் அபராதங்களும் பாக்கி இல்லையென்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெயர் மாற்றத்துக்கு விற்பவர் தர வேண்டியது படிவம் 29. இருவருமாக ஒப்பமிட வேண்டியது படிவம் 30. பொது ஏலத்தில் எடுத்திருந்தால் படிவம் 32. வாங்கிய 30 நாட்களுக்குள் இதனை முடிக்க வேண்டும். காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். "பெயரை மெதுவாக மாற்றிக்கொள்ளலாம்" என்று தரகர் சொன்னால் மிச்சப் பணத்தையும் மெதுவாகவே கொடுங்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பாவார் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நாளை நீங்கள் இதே வண்டியை விற்கும்போதும் அந்தத் தீர்ப்பு உங்களுக்கும் பொருந்தும்.

ஆறுதலான செய்திகளும் உண்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. இலகு ரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தெளிவுபடுத்தியது. சிறிய வண்டியாகப் பார்த்து வாங்குவோர்க்கு இவை பெரும் வசதிகள்.

செப்பனிடும் வரிசை

வண்டி வந்ததும் பலர் முதலில் ஓடுவது பெயிண்ட் கடைக்கு. இது தலைகீழ் வரிசை. முதலில் நிறுத்தம், பிறகு திருப்பம், பிறகு ஓட்டம், கடைசியில் தோற்றம். அதாவது பிரேக், அடுத்து ஸ்டியரிங்கும் டயரும், அடுத்து என்ஜினும் கியரும், எல்லாம் முடிந்தபின் டிங்கரிங்கும் பெயிண்டும். பழைய ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், வடிகட்டிகள், பெல்ட்டுகள் யாவற்றையும் முதல் வாரத்திலேயே மாற்றிவிடுங்கள். பின்புறம் ஒளிரும் பட்டைகளை ஒட்டுங்கள். இரவில் நின்றுகொண்டிருக்கும் வண்டியில் பின்னால் வருபவர் மோதாதிருக்க அதுவே துணை.

நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். தயாரிப்பாளர் அமைத்த அமைப்பை விருப்பம்போல் மாற்றச் சட்டம் இடந்தருவதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. பின்தொட்டியில் பெஞ்சு போட்டுக் கூரை கட்டலாம் என்று பட்டறைக்காரர் ஆசை காட்டினால் இணங்காதீர்கள்.

குடும்பத்தாரை ஏற்றலாமா?

இதைத்தான் எல்லாவற்றினும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் வண்டி நின்றால் நிக்காஹ் வீட்டுக்கு ஒரு நடை, பெருநாளன்று உறவினர் ஊருக்கு ஒரு நடை என்று பேச்சு எழும். பெண்களும் பிள்ளைகளும் பின்தொட்டியில் பாய் விரித்து உட்காருவார்கள். பிடித்துக்கொள்ளக் கம்பியில்லை, கவிழ்ந்தால் காக்கக் கூரையில்லை. சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் சென்றவர்க்கு நேரும் கேட்டுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று 2002இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ சரக்குடன் செல்வது மட்டுமே சட்டத்தில் விலக்குப் பெற்றது. உயிர் போனால் போனதுதான். அதற்கு மேல் இழப்பீட்டுத் தொகை வண்டிக்காரரின் வீட்டு மனையைத் தேடி வரும்.

மறுப்பது கடினம் என்பது உண்மையே. "சொந்த வண்டி வைத்துக்கொண்டு பிகு செய்கிறான்" என்று மாமியும் சாச்சியும் குறைபட்டுக்கொள்ளக்கூடும். அந்த மனக்குறை ஒரு வாரத்தில் ஆறும். பந்தல் சாமானும் பிரியாணிச் சட்டிகளும் உங்கள் வண்டியில் போகட்டும். உறவினர்க்கு வேனோ பஸ்ஸோ பேசி, வாடகையில் ஒரு பங்கை நீங்களே கொடுத்துவிடுங்கள். தொட்டியில் ஏற்றுவதைவிட அது பெரிய உபகாரம்.

வாங்கிய முதல் நாளே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, டீசலும் பழுதும் வரியும் காப்பீடும் ஒரு பக்கத்திலும், வாடகை கொடுத்திருந்தால் ஆகியிருக்கும் தொகை மறுபக்கத்திலும் எழுதி வாருங்கள். ஓராண்டு முடிவில் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். வண்டி உங்களுக்கு உழைக்கிறதா, நீங்கள் வண்டிக்கு உழைக்கிறீர்களா என்பது தெரிந்துவிடும். இரண்டாவதுதான் நிலை என்றால் தயங்காமல் விற்றுவிடுங்கள். விற்கும்போது நோட்டையும் சேர்த்துக் கொடுத்து, உள்ள குறைகளை வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்களுக்கு விற்றவரிடம் நீங்கள் எதிர்பார்த்த நேர்மை அதுதானே!